நேரத்துக்கு முந்திய கூ

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இரத்தினபுரிக்கு அப்பால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் ஒற்றையடிப் பாதை. ஒக்டோபர் மாதம்... மழைக்காலத்தில் அந்த நீர்வீழ்ச்சிக்கு யாரும் போவதில்லை. பாதை முகப்பிலிருந்த தேநீர்க் கடைகூடப் பூட்டிக் கிடந்ததாம்.

என் சிநேகிதி ரொஷேல் இன்றைக்கு வராதபடியால் சொல்கிறேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இது அவளுடைய சின்ன மாமா டெரிக்குக்கு நடந்தது. கொட்டாஞ்சேனைக்காரர். புறக்கோட்டையில் இரும்புக் கடையொன்றில் கிளார்க்.

போனது மூன்று பேர். டெரிக், அவருடைய நண்பன் பிறெடி, வெள்ளவத்தைப் பிரியந்தன். காட்டுக்குள் டெரிக் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. பின்னுக்கு நிற்பவன் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் 'கூ' என்று கூப்பிட வேண்டும். முன்னுக்குப் போகிறவன் பதிலுக்குக் கூவ வேண்டும். கூ வராவிட்டால் உடனே திரும்பி வர வேண்டும்.

அந்த மூன்று பத்துக்குத்தான் பிரியந்தனுக்குக் கால் பிரண்டது. ஓடைக்கரையில் ஒரு கல்லில் அவனை இருத்தினார்கள். நீர்வீழ்ச்சிக்கு இன்னும் அரை மணி நேர நடை. ஒருவர் அவனோடு நின்றிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் மனமில்லை.

"நீ இதில இரு மச்சான். போட்டோ எடுத்திட்டு ஓடி வாறம்," என்றார் டெரிக்.

"அட்டையளுக்கு என்னைச் சாப்பாடா வச்சிட்டுப் போறியள்," என்று பிரியந்தன் சிரித்தானாம்.

மூன்று இருபதுக்கு ஒரு கூ. பதில் கூவினார்கள். மூன்று முப்பதுக்கு ஒன்று. அதற்கும் கூவினார்கள்.

மூன்று முப்பத்துநான்குக்கு இன்னொன்று வந்தது. நீளமாக.

"இன்னும் நேரம் வரேல்லயே. பகிடி விடுறான்," என்றான் பிறெடி. டெரிக்கும் சிரித்தார். பதில் கூவவில்லை.

மூன்று நாற்பதுக்கு ஒன்றும் வரவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள். பணிஸ் சாப்பிட்டார்கள். நாலு இருபதுக்குத்தான் அங்கிருந்து வெளிக்கிட்டார்கள். வந்து சேர்ந்தபோது ஓடை செம்மண் நிறத்தில் இரைந்து ஓடியது. பிடுங்கிய வேரின் மணம். பிரியந்தன் இருந்த கல் தண்ணீருக்குள் போயிருந்தது.

மறுநாள் இரண்டு வளைவு தள்ளித்தான் பிரியந்தனின் உடலை எடுத்தார்கள்.

பொலிசில் கேட்டபோது டெரிக் சொன்னார்: நாலு இருபது வரைக்கும் பிரியந்தன் நேரந்தவறாமல் கூப்பிட்டான், ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தோம். பிறெடி ஓமென்று தலையை ஆட்டினான். செத்தவீட்டில் பிரியந்தனின் தாய் பத்மாவதியிடமும் அதையே சொன்னார். அவர் டெரிக்கின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என்ர பிள்ளை தனிய இருக்கேல்லை."

"ஓம் அன்ரி."

முப்பத்தோராம் நாள் டெரிக் அவர்களுடைய வெள்ளவத்தை வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி. பால்கனியில் ஒரு கதிரை. மூன்று இருபதுக்குப் பத்மாவதி மணிக்கூட்டைப் பார்த்தார். எழும்பி வெளியே போனார். மெல்லிய குரலில்... கூ.

"அவன் இப்பவும் நேரத்துக்குக் கூப்பிடுறான் தம்பி. நீங்கள் குடுத்த மாதிரி நானும் குடுக்கிறன். இரவிலயும்தான். நித்திரை கொண்டால் ஒண்டு தவறிடும்."

கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அப்போதாவது டெரிக் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தார்.

போன கிழமைதான் சொல்லிவிடுவதென்று மறுபடி போனார். மாலை ஆறு ஐம்பது. படியேறவில்லை. வீட்டுக்குக் கீழே ஒழுங்கையிலேயே நின்றார். மேலேயிருந்து தேய்ந்த குரலில் ஒரு கூ. கரையோரம் ரயில் ஒன்று போனது. ஏழு மணிக்கு இன்னொரு கூ. பத்மாவதியை யாரும் கூப்பிட்டது கேட்கவில்லை. அவருடைய பதில் மட்டும்.

திரும்பி நடக்க வெளிக்கிட்டபோது முதுகுப் பக்கம் சேட் நனைந்திருந்தது. அன்றைக்கு மழையில்லை. பிடுங்கிய வேரின் மணம்.

ஏழு நாலு. காதுக்குப் பின்னால்... நீளமாக ஒரு கூ.

பத்மாவதி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்ததாம்.

"தம்பி, இது எனக்கில்லை. உங்களுக்கு."

டெரிக் பதில் கூவவில்லை. இரண்டாம் தரமும்.