நாலாவது கட்டத்தில் இருமல்

"எங்கப்பா இருமல நாலாவது கட்டத்துல போட்டிருக்கேன்" என்று முன் இருக்கைப் பெண் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன். சின்னாளப்பட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் டவுன் பஸ். கல்லூரிப் பெண்கள் இருவர், கையில் ஒரு சிடி. அதில் அவர்களுடைய கம்ப்யூட்டர் புராஜெக்ட். திரையில் பதினாறு கட்டங்கள். கட்டத்துக்கொரு சத்தத்தைப் போட்டு ஓடவிட்டால் பாட்டாகிவிடுமாம்.

"சார் சிரிப்பாரு, செல்வி. தபேலாவப் போடு. எல்லாரும் லைப்ரரி கணக்கு, சம்பளப் பட்டியல்னு செஞ்சிருக்காங்க."

"மாட்டேன், ஜெனி. நேத்து அப்பாட்ட காட்டுனேன். அவரே மவுசப் பிடிச்சு எல்லாக் கட்டத்துலயும் இருமலப் போட்டுட்டாரு. அம்புட்டு சிரிப்பு. சிரிச்சதுல நெசமாவே இருமல் வந்து, செத்த நேரம் நிக்கவே இல்ல."

செல்வி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு அப்பாவோட எக்ஸ்ரே ரிசல்ட்டு."

"பத்து மணிக்குத்தானடி காலேஜ்ல டெமோ."

"தெரியும். நீ ஓட்டிக் காட்டிரு."

ஜெனி சன்னல் ஷட்டரை ஏற்றினாள், இறக்கினாள்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் சிடியை ஜெனியின் மடியில் வைத்துவிட்டு செல்வி இறங்கினாள். வாசலில் நின்ற மெலிந்த மனிதர் அவளைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"ஏத்தா, இங்க எதுக்கு வந்த?"

"ரிசல்ட்டு வாங்கணும்லப்பா."

"அது எங்க போயிரும்? மத்தியானம் வாங்கிக்கலாம். ஏறு."

அவளை ஏற்றிவிட்டு, விசில் அடிக்கப்போன கண்டக்டரிடம் கையைக் காட்டினார்.

"செத்த நில்லுப்பா, நானும் வாரேன். எம்மக பாட்டு போடப் போறா."