தேர்தல் வந்தா துப்பாக்கிக்கு லீவு

சிரிக்காதீங்க மாப்ளே, போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்துக்கிட்டு. ஆட்டோக்காரர்கிட்ட திரைச்சீலை மாட்டுற கம்பின்னுதான் சொன்னேன். பின்ன, ரெட்டைக்குழல் துப்பாக்கின்னு சொன்னா பாண்டி பஜார்ல எவன் நம்மள ஏத்துவான்? அதான் போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

ஆமா, ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் இதே கூத்துதான். தேதி அறிவிச்சதும் லைசென்ஸ்காரங்க கொண்டாந்து ஒப்படைக்கணும். எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து வாங்கிக்கலாம். உங்க அமெரிக்கால இப்படிக் கேட்டா கோர்ட்டுக்கே போயிடுவீங்கல்ல? அடேங்கப்பா, சிட்டிசன் ஆகி முழுசா ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள அரசியல் சட்டம், ரெண்டாவது திருத்தம், துப்பாக்கி வச்சுக்கறது என் உரிமைன்னு என்னா பேச்சு! நேத்து என் தங்கச்சி கீர்த்தி, வீட்ல துப்பாக்கி வேணாங்கன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டே உங்களுக்கு ரசம் ஊத்துறா. நீங்க அந்தத் திருத்தம் வந்த ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுல இருக்கீங்க.

இல்ல இல்ல, கதை நல்லாத்தான் இருந்துச்சு. அரசாங்கத்துப் பட்டாளம் அடக்க வந்தா ஊர்க்காரங்களே படையா சேர்ந்து நிக்கணும், அதுக்குத் துப்பாக்கி வேணும். சரி, ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு ஒரு குண்டு சுட்டா, அடுத்ததுக்கு மருந்து இடிச்சு நெரப்பணும். அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் கோவமே போயிருக்கும். அப்புறம் பாருங்க, அங்கயும் இங்கயும் அதே வெள்ளைக்காரன்தான். அவன விரட்டிட்டு நீங்க துப்பாக்கிய சட்டத்துல ஏத்திக்கிட்டீங்க. நீங்கன்னா, அம்பாசமுத்திரத்து நீங்க இல்ல, டல்லாஸ் நீங்க. இங்க நம்மகிட்டேருந்து புடுங்கிட்டு லைசென்ஸ்னு ஒரு தாள நீட்டுனான். அவன் போயிட்டான், தாள் போகல.

இதுவா? அப்பா நகைக்கடை ஆரம்பிச்சப்ப வாங்குனது. இப்ப லைசென்ஸ் என் பேர்ல. ஒரு தடவகூட சுட்டதில்ல மாப்ளே. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வச்சு, பொரிகடல படைப்போம், அதோட சரி. திருடன் வந்தா கன்னத்துல போட்டுக்கிட்டுப் போவான்.

அட, கோவமா? உங்களத் தப்பு சொல்லல. பக்கத்து வீட்ல திருடங்க புகுந்தாங்க, நீங்க ராத்திரி ஷிப்ட் போனா கீர்த்தியும் பாப்பாவும் தனியா இருக்காங்கன்னுதானே அங்க துப்பாக்கி வாங்குனீங்க. தெரியும். எனக்கும் பயம்தான். கடைய சாத்துறப்ப தினம் தினம் பயம்தான். பெட்டியில பூட்டித்தானே வச்சிருக்கேன்னு நேத்து நீங்க சொன்னப்ப, நானே கீர்த்திய அதட்டுனேன். மாப்ளைக்குத் தெரியாதா, சும்மா இருன்னேன். இப்ப நெனச்சா கஷ்டமா இருக்கு.

இருங்க, நம்மள கூப்பிடல. இன்னும் முன்னாடி மூணு பேர் இருக்காங்க.

காலைல இத நான் தொடச்சுக்கிட்டு இருந்தேனா, பாப்பா வந்து பக்கத்துல உக்காந்தா. அஞ்சு வயசுப் புள்ள, கொஞ்சம்கூட பயப்படல. மாமா, இது ரொம்பப் பெருசு, அப்பாவோடது என் கைக்குச் சரியா இருந்துச்சுன்னு சொன்னா. அது பெட்டிக்குள்ளல்ல இருக்கும்னேன். அந்தப் பெட்டி நம்பர் என் பர்த்டேதானே மாமான்னு சொல்லிட்டு இட்லி சாப்பிட ஓடிட்டா.

கீர்த்திகிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க மாப்ளே.