முதலில் அவர்கள் பக்கம்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் பிச்சமுத்து ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மஹ்ஜபீன் டீச்சரின் கணவர் ரஃபீக் பாய் அவர்களே, மகள் ஸஹ்ரா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, இந்த வெயிலில் பஸ் பிடித்து வந்திருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ஆசீர். இந்தப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆசிரியர் அறையில் மஹ்ஜபீன் டீச்சருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. படத்துக்கு மாலை வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். டீச்சருக்குப் புகழுரையும் பிடிக்காது. ஆனாலும் புகழத்தான் போகிறேன். இந்த ஒரு தடவை அவர் குறுக்கே பேச முடியாது.

வரலாற்று ஆசிரியை மஹ்ஜபீன்! மலைக்கோட்டைக்குக் கீழே வீடு. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து இறங்குவார். பஸ்ஸில் நின்றுகொண்டே விடைத்தாள் திருத்தியவர். அவர் செய்ததில் பெரிய காரியம் எது என்று கேட்டால், நான் ஒன்றைத்தான் சொல்வேன். சனிக்கிழமை வகுப்பு.

அந்த வகுப்பு எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் தெரியாது. சொல்கிறேன். இங்கே நம் பிள்ளைகள், அங்கே திரையில் கராச்சிப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள். இரண்டு நாட்டுப் பாடத்திலும் இருக்கும் ஒரே போரை எடுத்து ஆங்கிலத்தில் பேசுவார்கள். முதலில் அறுபத்தைந்தாம் ஆண்டுப் போர். நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள் நம் பிள்ளைகள். நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள் அந்தப் பிள்ளைகள். "அப்ப தோத்தது யாருப்பா?" என்று கேட்டுவிட்டு டீச்சர் விதியைச் சொன்னார்.

விதி இதுதான். நம் பக்கத்தைச் சொல்வதற்கு முன்னால், அவர்கள் பக்கத்தை நாம் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவர்கள் "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை பதில் பேசக் கூடாது. அவர்களுக்கும் அதே விதி. கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் நம் பிள்ளைகள் கராச்சியின் பக்கத்தை நக்கலும் நையாண்டியுமாகச் சொன்னார்கள். திரையில் இருந்த ஒரு பெண் "இல்லை" என்றாள். மறுபடி சொன்னார்கள். "இல்லை." அன்றைய வகுப்பு அந்த "இல்லை"யோடு முடிந்தது. அடுத்த வாரம் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தார்கள்.

இன்னொரு நாள் கராச்சிப் பையன் ஒருவன் நம் பக்கத்தை அழகாகச் சொன்னான். நான் கதவோரம் நின்று கேட்டேன். ஒரு குறை சொல்ல முடியாது. நம் சித்தார்த்தன் மட்டும் "இல்லை" என்றான். டீச்சருக்கு வந்ததே கோபம்!

"அவன் சரியாத்தானேடா சொன்னான்? ஏன் இல்லைங்கற?"

"ஆமான்னு சொன்னா அவன் ஜெயிச்சிடுவான் டீச்சர்."

"ஆமான்னு சொல்றதுல நீ ஒண்ணும் தோத்துட மாட்ட. சொல்லு."

சொன்னான். அன்று இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். சித்தார்த்தன் இப்போது சட்டம் படிக்கிறான். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறான்.

அந்த வகுப்பு இப்போது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை? அதையும் சொல்லாமல் இந்த உரையை முடித்தால் நான் டீச்சருக்கு நண்பன் இல்லை.

போன வருடம் எல்லையில் சண்டை மூண்டது. அந்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் திரு. மருதை அவர்கள் எழுந்தார். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய மகள் கனிஷ்கா அந்த வகுப்பில் இருந்தாள். அவருடைய தம்பி செந்தமிழன் ராணுவ வீரர்; பல வருடங்களுக்கு முன்பே எல்லையில் உயிர்விட்டவர். மருதை சொன்னதை நான் மறக்கவில்லை. "என் தம்பி பெட்டியில வந்தான்ங்க. என் பொண்ணு அந்த ஊர்ப் பிள்ளைங்ககிட்ட சிரிச்சுப் பேசிட்டு இருக்கணுமா?"

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "டீச்சர் பேரைப் பாருங்க, ஏன் நடத்துறாங்கன்னு தெரியும்." என் ரத்தம் கொதித்தது. மருதைதான் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அதை நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க." கூட்டம் அடங்கியது. ஆனால் வகுப்பு நின்றது. "மருதை சரின்னு சொன்னா எனக்கும் சரி. அதுவரைக்கும் வேண்டாம்" என்றார் தாளாளர் ஐயா. அவர் நிலையில் வேறு என்ன சொல்ல முடியும்?

பின்னாலிருந்து பேசியவர் யார் என்று கண்டுபிடித்துச் சண்டை போடலாம் என்றேன் நான். டீச்சர் கேட்கவில்லை. "விடுங்க சார். மருதை அண்ணன் பக்கத்தை நான் இன்னும் ஒரு தடவைகூட சரியா சொல்லிப் பாக்கலையே" என்றார்.

பிள்ளைகளுக்குப் போட்ட விதியைத் தனக்கே போட்டுக்கொண்டார்! பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போனார். லேத் ஓடும் சத்தத்தில் நின்றுகொண்டு, "அந்த நாட்டு மேல கோவம், அதானேண்ணே?" என்று கேட்டார். "இல்லைங்க டீச்சர்." இன்னொரு நாள் போனார். "பொண்ணு மனசு மாறிடும்னு பயம், அதானே?" "அதுவும் இல்லைங்க." மருதை டீ வாங்கிக் கொடுத்தார், ஸ்டூல் போட்டார், ஆனால் "ஆமா" சொல்லவில்லை. மறுநாள் காலையில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை, "இன்னைக்கும் ஃபெயில் சார்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போது அந்த அறையில் இல்லை. எனக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை.

பிறகு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, உடம்பைப் பற்றிக் கேட்டேன். அவர் மருதையைப் பற்றிப் பேசினார். "இப்பப் புரிஞ்சிடுச்சு சார். டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா பட்டறைக்குத்தான்" என்றார். போகவில்லை. போக முடியவில்லை.

அவர் சொல்ல நினைத்ததை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். திரு. மருதை அவர்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். உங்களைப் பற்றிப் பேசலாமா என்று வாசலிலேயே கேட்டேன். "பேசுங்க சார்" என்றார். ஆகவே, டீச்சரின் இடத்தில் நின்று சொல்கிறேன். தப்பாக இருந்தால் "இல்லை" என்று சொல்லுங்கள் ஐயா. அதுதான் விதி.

உங்களுக்குக் கோபம் அந்தப் பிள்ளைகள் மேல் இல்லை. அவர்கள் யாரையும் சுடவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஊர் உங்கள் தம்பியை மறந்துவிட்டது. அவருக்காக வருத்தப்பட, அவருக்காகக் கோபப்பட, இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீங்களும் உங்கள் மகளும்தான். அவளும் எதிர்ப்பக்கத்து நியாயத்தைப் பேசப் பழகிவிட்டால், செந்தமிழன் பக்கம் பேச யார் இருக்கிறார்கள்? நீங்கள் கேட்டது இதுதானே ஐயா?

எழுந்திருக்கிறார்.

தலையை ஆட்டுகிறார். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"ஆமாங்க சார். இதான்" என்கிறார்.

மஹ்ஜபீன் டீச்சர், நீங்கள் பாஸ்!

கைதட்ட வேண்டாம், இது இரங்கல் கூட்டம். அவர் "ஆமாம்" என்றதற்கு வகுப்பு தொடங்கலாம் என்று பொருள் இல்லை. இனிமேல் நான் பதில் பேசலாம் என்று மட்டும்தான் பொருள். என் பதில் இது. அந்த வகுப்பை இனி நான் நடத்துகிறேன். இயற்பியல் வாத்தியாருக்கு வரலாறு தெரியாது, விதி தெரியும். முதல் வகுப்பில் போரைப் பற்றிப் பேச மாட்டோம். செந்தமிழனைப் பற்றிப் பேசுவோம். அவர் எப்படி இருந்தார், எப்படி இறந்தார், அவர் வீடு என்ன ஆனது என்பதைக் கராச்சிப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொண்டு, தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று சொல்லப்போவது நானும் இல்லை, கனிஷ்காவும் இல்லை. நீங்கள். முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி; அவர்கள் சொல்வதைக் கனிஷ்கா உங்களுக்குத் தமிழில் சொல்வாள். நீங்கள் "இல்லை" என்றால் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் "ஆமா" என்று சொல்லும்வரை அந்த நாட்டிலிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை பதில் பேச மாட்டார்கள்.

இதைத் தவிர டீச்சருக்குச் செய்ய வேறு அஞ்சலி எனக்குத் தெரியவில்லை. உங்கள் முடிவை இன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை ஐயா. யோசித்து, வீட்டில் பேசி...

என்னங்க? சரியாகக் கேட்கவில்லை.

எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.

தாளாளர் ஐயா, கேட்டீர்களா? ரஃபீக் பாய், கேட்டீர்களா?

நமக்குப் பத்து மணிங்க. அவங்களுக்கு ஒன்பதரை.