சுவர் இல்லாத கூடத்தில் ஊல்கான் அக்காவுக்காக

மேடையில் வீற்றிருக்கும் இமாம் அவர்களே, எங்கள் கட்டட ஆய்வு நிலையத்தின் இயக்குநர் அவர்களே, அக்காவின் கணவர் சத்தார் அவர்களே, இந்தக் கூடத்தின் உரிமையாளரும் அக்காவின் தம்பியுமான எசென்குல் அவர்களே, ஈரக் கண்களோடு மேசைகளைச் சுற்றி அமர்ந்திருக்கும் அண்டை வீட்டாரே! உங்கள் எல்லோருக்கும் இந்த பெய்ஷெனின் ஸலாம்.

எங்கள் தலைமைப் பொறியாளர் ஊல்கான் அக்கா போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் அவருடைய இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது. நிலநடுக்கம் அவரைக் கொல்லவில்லை. யாரையெல்லாம் அது கொன்றுவிடுமோ என்று அவர் பயந்தாரோ, அவர்கள் எல்லோரும் இப்போது என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆமாம், இந்தக் கூடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். நம் தலைக்கு மேல் நான்கு மாடிகள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கிய சுவர், இதோ, இந்த நடுவிடத்தில் நின்றது. விருந்துக்கு இடம் போதவில்லை என்று எசென்குல் அதை இடித்துவிட்டான். அன்றிலிருந்து அக்கா இதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. நான்காம் மாடியில் குடியிருந்தும், தம்பியின் மகள் கல்யாணத்துக்குக்கூட வாசலில் நின்று வாழ்த்திவிட்டுத் திரும்பினார்.

யார் இந்த ஊல்கான்? நம் பிஷ்கேக்கில் அவர் ஏறாத படி உண்டா? நிமிர்ந்து பார்க்காத அலமாரி உண்டா?

வீட்டுக்குப் பெரிய விருந்தாளி வந்தால் எங்கே உட்கார வைக்கிறோம்? கதவுக்கு எதிரே, உள்சுவரை ஒட்டி. அந்தச் சுவரில் என்ன நிற்கிறது? கூரையைத் தொடும் அலமாரி, அது நிறையக் கண்ணாடிக் கிண்ணங்கள், உச்சியில் மடித்து அடுக்கிய மெத்தைகள்! வீட்டிலேயே கனமான பொருளுக்குக் கீழே வீட்டிலேயே மதிப்பான மனிதரை உட்கார வைக்கும் ஜனம் நாம். அக்கா அங்கே உட்காரமாட்டார். கதவோரமாக, மருமகள்கள் தேநீர் ஊற்றும் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போகும்.

"என்ன அக்கா, எங்களை அவமானப்படுத்துறீங்களா? மேல வந்து உக்காருங்க."

"மரியாதைன்னு கூப்பிட்டு, தலைக்கு மேல ஒரு குதிரைக் கனத்தை நிறுத்தி வச்சிருக்கியே தம்பி! முதல்ல அதைச் சுவரோட சேத்து முடுக்கு. அப்புறம் வந்து உக்காந்து நீ விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையைத் தின்னுட்டுப் போறேன்."

பிறகு படுக்கையறைக்குப் போவார். "படு. படுத்துக்கிட்டு மேல பாரு. என்ன விழும்? எந்திரிச்சு ஓடுனா வழியில என்ன கிடக்கும்? கேஸ் குழாயை எங்க மூடணும்னு உனக்குத் தெரியுமா, இல்ல உன் பொண்டாட்டிக்குத்தான் தெரியுமா?" என்று கேட்பார். கேட்டதோடு போகமாட்டார், பையிலிருந்து இரும்புப் பட்டையும் துளைக்கருவியும் எடுத்துவிடுவார்.

அலுவலகத்தை விட்டாரா? இயக்குநர் அவர்கள் சிரிக்கிறார். எங்கள் பின்வாசலை மறைத்து, நிலையம் வாங்கிய பரிசுக் கோப்பைகளின் பீரோ நின்றது. "ஐயா, கோப்பையெல்லாம் பத்திரமா இருக்கும், நாமதான் உள்ள மாட்டிக்குவோம்" என்றார் அக்கா. அன்று சாயங்காலமே பீரோ நகர்ந்தது.

அதோ, அந்த மேசையில் இருக்கும் ஜுமாகுல், தப்பாக நினைக்காதே, உன் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். அக்கா இவன் வீட்டு அலமாரியைப் பட்டை போட்டு இறுக்கிக் கொடுத்தார். பெண் கேட்டுச் சம்பந்தி வீட்டார் வரும் நாள் வந்தது. "இரும்பு அசிங்கமா தெரியுதுங்க" என்றாள் இவன் மனைவி. இவனும் கழற்றிவிட்டான். தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பூமி லேசாகத்தான் அசைந்தது. அலமாரி அப்படியே சாய்ந்து, தலைமை இடத்தில் இருந்த சம்பந்தியின் தோள்பட்டையை முறித்தது. அக்கா 'நான்தான் சொன்னேனே' என்று சொன்னாரா? ஆஸ்பத்திரிக்கு ஆட்டு சூப் கொண்டுபோனார். மறுநாள் பழைய துளைகளிலேயே பட்டையை முடுக்கினார்.

இப்படி ஊர் வீடுகளையெல்லாம் இறுக்கிய அக்காவால் தன் வீட்டின் கீழ்ச்சுவரைக் காப்பாற்ற முடியவில்லையே! ஏன்?

எசென்குல் கெட்டவன் என்பதாலா? இல்லை, நல்லவன் என்பதால்! இந்தக் கட்டடத்தில் யார் இறந்தாலும் கூடத்தை இலவசமாகத் தருகிறான். அண்டாவும் தேநீர்ச் சமோவாரும் அவனே தருகிறான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய தகப்பனுக்கு இந்தக் கூடத்தில் நாற்பதாம் நாள் சோறு போடவில்லை? அக்கா கதவு கதவாகத் தட்டினார். எல்லாக் கதவிலும் ஒரே பதில்தான்: "எங்கப்பா காரியத்துக்கு அவருதான் எடம் குடுத்தாரு. அவரு சோத்தைத் தின்னுட்டு அவரு மேலயே எப்படி அக்கா புகார் சொல்றது?"

கடைசியில் தம்பி சுவர் இருந்த இடத்தில் இரண்டு தூண்களை நிறுத்தினான். "பாத்தியா அக்கா, உனக்காகத்தான் வச்சேன், தங்கக் கலர்ல!"

"எசென்குல், அது தூண் இல்லடா, பொம்மை."

இதோ, தட்டுகிறேன். பின்வரிசைக்குக் கேட்டதா? உள்ளே வெறும் காற்று! அட்டையின் மேல் சுண்ணம் பூசியிருக்கிறார்கள். அதோ, உங்கள் தலைக்கு மேல் அந்த மூலையில் பூச்சு மட்டும் ஏன் புதிதாக வெளுத்திருக்கிறது? போன வாரம் பூமி அசைந்து விளக்குகள் ஆடினவே, அதற்குப் பிறகு பூசியது அது. பூசுவதற்கு முன் வந்து பார்த்தேன், அடியில் ஓடும் விரிசலுக்குள் என் சுண்டுவிரல் போகும். நம் ஜன்னலில் தெரியும் அந்தப் பனிமலையை அழகு என்கிறோம். அது எப்படி அவ்வளவு உயரம் வளர்ந்தது? ஒவ்வொரு முறை பூமி உடையும்போதும் வளர்ந்தது. இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

கடைசியாகப் பார்த்தபோது அக்கா என்னிடம் சொன்னார்: "பெய்ஷென், நான் செத்தா தம்பி எனக்கும் அந்தக் கூடத்துலதான் சோறு போடுவான். நீங்க எல்லாரும் போயி வரிசையா உக்காந்து அழுவீங்க. அழுங்க, வேண்டாங்கல. முற்றத்துல உக்காந்து அழுங்க."

எசென்குல் ஏதோ சொல்கிறான். உரக்கச் சொல்லப்பா.

"அண்ணே, இன்னைக்கு வேண்டாமே… இன்னைக்கு ஒரு நாளு விட்டுருங்களேன்" என்கிறான்.

இன்றைக்கு வேண்டாம் என்றால் என்றைக்கு? நிலநடுக்கம் நம்மிடம் நாள் கேட்டுக்கொண்டா வரும்?

தோழர்களே! அக்கா தட்டி நிறுத்திய கதவிலிருந்து நாங்கள் தொடர்வோம். நாளைக் காலை எங்கள் நிலையத்திலிருந்து இரும்பு முட்டுகள் வரும். சுவர் எழும்பும்வரை இங்கே கல்யாணம் கிடையாது, காரியம் கிடையாது. முட்டுக் கொடுக்கும்வரை மாடியில் இருப்பவர்கள் சொந்தக்காரர் வீடுகளில் தங்குங்கள். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள் இருக்கின்றன, சத்தார் அவர்கள் என்னோடு வருகிறார். இறைச்சியை இங்கே பரிமாற வேண்டாம். இமாம் அவர்கள் முற்றத்தில் நின்று துஆ செய்வார், அங்கேயே சாப்பிடுவோம்.

எசென்குல், உன் கண்ணீர் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். உன் மகளும் பேரனும் இரண்டாம் மாடியில் தூங்குகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். சோறு போடுகிறவன் எழாமல் விருந்தாளி எழுவது நம்மில் வழக்கமில்லை. நீ உட்கார்ந்திருக்கும்வரை இவர்களில் ஒருவரும் அசையமாட்டார்கள்.

நீ முதலில் எழுந்திரு, தம்பி.