பெட்டிக்குக் கீழே ஐந்து நிமிஷம்

"ஹலோ… ஹலோ அக்கா… கேக்குதா?… மழை இல்லக்கா, ஸ்பீக்கர் பெட்டி இரையுது. டெஸ்ட் போட்டு விட்டிருக்கேன்… ஆமா, ஆமா, கீழதான் உட்கார்ந்திருக்கேன். அஞ்சு நிமிஷம் எந்திரிக்கக் கூடாது, தெரியும்ல… அதான் உனக்கு போன் பண்ணேன். அக்கா, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்… இல்ல, எதுவும் விழல! எதையும் உடைக்கல! நீ முதல்ல உட்காரு."

காலியாகக் கிடந்த மண்டபத்தில், மேடைக்கு இடப்பக்கம், முதல் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு நேர் மேலே, இரும்பு உத்தரத்தில் நாற்பது கிலோ ஒலிபெருக்கி, பின்வரிசையைப் பார்த்து முகத்தைக் கொஞ்சம் சாய்த்தபடி தொங்கியது. வலப்பக்கம் அதன் ஜோடி. இரண்டையும் ஏணி போட்டு ஏறி மாட்டியவள் அவள்தான். கச்சேரிக்குக் கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"நோட்டுக்காரர் இருக்காருல்ல… ஆமா, இந்த மண்டபத்து மேனேஜர், எப்பவும் கையில நோட்டோட… அவரேதான்! போன வருஷம் என்னை அழ விட்டாரே… நீயும் சேர்ந்துதானே திட்டுன!… சரி சரி, தப்பு என்னோடதுதான். தண்ணிக் குழாயில போய்ப் பெட்டியைத் தொங்க விட்டேன். அத்தனை பேர் முன்னாடி இறக்கச் சொன்னாரு. 'இதுக்குக் கீழ நீங்க உட்காருவீங்களா?'ன்னு கேட்டாரு. ஆங், அன்னிலேர்ந்துதான் இந்த அஞ்சு நிமிஷம். நான் மாட்டுனதுக்குக் கீழ முதல்ல நான் உட்காருவேன்… அட, கதையைக் கேளு!

"இன்னிக்குக் காலையில நான் ஏணி மேல. அவரு கீழ ஏணியைப் பிடிச்சுட்டு நிக்கிறாரு… யாரும் சொல்லலக்கா, அவராத்தான் வந்து பிடிச்சாரு. ஒரு கையில ஏணி, ஒரு கையில நோட்டு, மூக்கு மேல தூசி. அண்ணாந்து பாத்து 'போல்ட் இறுக்கியாச்சா?'ங்கிறாரு. எனக்கு என்ன தோணுச்சோ… கேட்டுட்டேன்… ஸ்பேனரைக் கேக்கலக்கா! 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?'ன்னு கேட்டுட்டேன்!… அக்கா?… இருக்கியா?… சிரிக்காத… ஆமா, ஏணி மேல நின்னுதான்… ஆமா, பெட்டியைக் கட்டிப் பிடிச்சுட்டுதான்!… அவரா? ம்ஹூம்… ம்ஹூம், அதுவும் இல்ல. 'முதல்ல ரெண்டாவது வயரைப் போடுங்க'ன்னாரு… அவ்வளவுதான்! நோட்டுல என்னமோ கிறுக்கிட்டுப் போயிட்டாரு. அப்ப மணி பதினொண்ணு. இப்ப நாலு. ஆளையே காணோம்.

"ரெண்டாவது வயர்னா… பெட்டியை மாட்டியிருக்கிற கிளாம்ப் விட்டுப் போனாலும் பெட்டி யார் தலையிலயும் விழாம பிடிச்சுக்க ஒரு இரும்பு வயர். உத்தரத்துல தனியா சுத்தி மாட்டணும்… போட்டேன், ரெண்டு பெட்டிக்கும் போட்டேன். மூணு மூணு தடவை இழுத்துப் பாத்தேன்… அதுக்கு என்னக்கா அர்த்தம்? சரிங்கிறாரா, வேணாங்கிறாரா?… மாமா கேட்டப்ப நீ என்ன சொன்ன?… 'அம்மாகிட்ட கேளுங்க'ன்னியா! அதுலயாவது ஒரு அர்த்தம் இருக்கு. வயர்ல என்ன இருக்கு?… யாரது சிரிக்கிறது? மாமாவா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா! எடு அதை, எடு!… மாமா, நீங்க எதையும் கேக்கல, சரியா?"

சிரிப்பு அவளையும் தொற்றிக்கொண்டது. கால்களைத் தூக்கி நாற்காலி மேல் மடக்கிக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷம். அவள் இப்படிச் சிரிப்பதைக் கேட்க இருநூறு காலி நாற்காலிகள்தான் இருந்தன.

"வேணாம்னா என்ன… வேணாம்னா நான் வேற மண்டபம் பாத்துக்கணும். எந்த மூஞ்சியை வச்சுட்டு இங்க ஏணி ஏறுறது… அழல, தூசி… பொறு, பொறு. கதவு திறக்குது… அவருதான்!… மெதுவாத்தான் பேசுறேன், இந்த இரைச்சல்ல அவருக்கு எங்க கேக்கப் போகுது… வலப்பக்கப் பெட்டிக்குப் போறாரு… அண்ணாந்து பாக்குறாரு… இன்னும் பாக்குறாரு… ஏணி ஏறுறாரு. வயரை இழுக்கிறாரு. நல்லா இழுங்கய்யா, வேணும்னா தொங்கியே பாருங்க!… இறங்கிட்டாரு. தரையில ஓடுற கேபிளைக் காலால தடவிப் பாக்குறாரு… யாரும் இடற மாட்டாங்க, டேப் ஒட்டியிருக்கேன்… அக்கா, நோட்டை மூடிட்டாரு! அவரு மூடி நான் பாத்ததே இல்லக்கா!… ஒரு நாற்காலியை இழுக்கிறாரு…"

எழுந்தவளுக்குப் பாதியில் ஞாபகம் வந்தது. மறுபடி உட்கார்ந்தாள்.

"எந்திரிக்க முடியாதுக்கா, இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி இருக்கு… அக்கா. உட்கார்ந்துட்டாரு. நான் மாட்டுன பெட்டிக்கு நேர் கீழ… ஆமா, ஆமா, அந்தப் பக்கம்! கையைக் கட்டிக்கிட்டு, போட்டோ எடுக்கப் போற மாதிரி… மேல பாக்கவே இல்ல. என்னைத்தான் பாக்குறாரு… என்ன பண்ணட்டும்? கையை ஆட்டவா?… ஆட்டிட்டேன்… ஐயோ, பாக்கெட்ல கையை விடுறாரு… போனை எடுக்கிறாரு… அக்கா, இன்னொரு கால் வருது. அவருதான்! அங்கேருந்தே கூப்பிடுறாரு!… வை, வை… இல்ல, நானே வைக்கிறேன்… மாமா, சிரிக்காதீங்க… வச்சுட்டேன்!"

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"ஹலோ… ம்… ஆமா, நான்தான்… பாத்தேன்… ரெண்டுலயும் போட்டாச்சு… ம்… ம்… என்னது?… இன்னொரு தடவை சொல்லுங்க… இல்ல, கேட்டுது. இந்த இரைச்சல்லயும் நல்லாவே கேட்டுது… சும்மா, இன்னொரு தடவை."