பன்னண்டு நிமிஷம் அசையக்கூடாது

இல்ல சார், கழட்டாதீங்க. விரல் முன்னாடி இடிக்குதுன்னுதானே சொல்றீங்க? இடிக்கணும். இப்ப முழங்காலை மடக்கி முன்னாடி சாயுங்க. இன்னும் சாயுங்க, உடைஞ்சிட மாட்டீங்க. பாத்தீங்களா, விரல் தானா பின்னாடி வந்துடுச்சு. பனியில சறுக்குறப்போ இப்படித்தானே நிப்பீங்க. இந்த நாற்காலியில உக்கார்ற நூறு பேருல தொண்ணூறு பேரு அந்த மொத இடியிலயே பயந்து, ஒரு சைஸ் பெரிசா குடுங்கம்மான்னு வாங்கிட்டுப் போயிடுறாங்க. உங்க பழைய பூட்ஸையும் அப்படித்தான் வாங்கியிருப்பீங்க.

இருபத்தெட்டா? யாரு சொன்னா? உங்க காலு இருபத்தாறரை சென்டிமீட்டர் சார். நான்தானே அளந்தேன். ஆம்பளைங்க எல்லாருமே காலுக்கு ரெண்டு சைஸ் கூட்டி, எடையில பத்து கிலோ குறைச்சுத்தான் சொல்லுவீங்க. நல்லா சறுக்குவீங்களான்னு கேட்டா, ஓ, பிரமாதமான்னுவீங்க. அப்புறம் ரேஸ் ஓட்டுறவன் போடுற மாதிரி கல்லு மாதிரி வெளி ஓடு வேணும்பீங்க. அதெல்லாம் உங்களுக்கு வேணாம். இது கொஞ்சம் வளையும். வளைஞ்சாத்தான் நீங்க சொல்றதை அது கேக்கும்.

கீழ கேபிள் கார் பக்கத்துக் கடைக்காரன் அனுப்பினானா? அனுப்புவான். பாதம் அகலம், உள்கணுக்கால்ல எலும்பு துருத்திக்கிட்டு இருக்கு, முட்டி ரெண்டும் உள்ள பாத்துக்கிட்டு இருக்கு. இந்தக் காலுக்கு பூட்ஸ் சரி பண்ண இந்தப் பள்ளத்தாக்குல எங்க கடையை விட்டா ஆள் இல்ல. எங்க கடைன்னா, நானும் எங்க வீட்டுக்காரர் வின்சென்ஸும். நான் அளவெடுப்பேன், அவர் வெளி ஓட்டைச் சூடாக்கி வேணுங்கற இடத்துல தள்ளிவிடுவார். மெஷின்ல கண்டுபிடிக்க முடியாத மேட்டை விரல் வச்சே கண்டுபிடிச்சிடுவார். இல்ல சார், மேலதான் இருக்கார். இப்பல்லாம் கடைக்கு இறங்கி வர்றதில்ல.

இந்த ஊருக்குப் புதுசா? ஓ, வருஷா வருஷம் ஜனவரியிலயா. வியன்னாக்காரங்க எல்லாம் பிப்ரவரியிலதான் வந்து எங்க ரோட்டை அடைப்பீங்க, நீங்க பரவாயில்ல. போன ஜனவரியும் வந்தீங்களா? புதன்கிழமையே கிளம்பிட்டீங்களா. பாவம், ஒரு வாரத்துக்குக் காசு கட்டிட்டு. ஆமா, ஆபீஸ்னா அப்படித்தான், சட்டுனு கூப்பிடுவாங்க.

இந்தப் பழைய பூட்ஸ்ல இடது கால் மூணாவது கொக்கி பாதி இல்லையே, எங்க போச்சு? பாறையில பட்டுச்சா. சரி. குப்பையில போட்டுடவா? நீங்க சுமக்க வேணாம், நானே பாத்துக்கறேன்.

புது பூட்ஸோட உள்மெத்தையைக் கழட்டிக் குடுங்க. பின்னாடி அடுப்புல வச்சுச் சூடு பண்ணிக் கொண்டுவர்றேன். பத்து நிமிஷம். அங்க காப்பி இருக்கு, ஊத்திக்குங்க.

*

மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் நேரமாயிடுச்சு. ஒரு போன் பேச வேண்டியிருந்துச்சு. வாங்க, மெத்தை சூடா இருக்கறப்பவே காலை விடுங்க. குதிகாலைத் தட்டுங்க, நல்லா தட்டுங்க. ம். கொக்கியெல்லாம் நான் போடுறேன், நீங்க கை வைக்காதீங்க. மூணாவதை உங்களுக்காகவே ஒரு பல்லு கூட இறுக்குறேன். இப்ப அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நேரா நில்லுங்க. பன்னண்டு நிமிஷம். அது ஆறுற வரைக்கும் அசையக்கூடாது. அசைஞ்சீங்கன்னா உங்க காலோட அச்சு கெட்டுப்போயிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது.

உங்க ஷூவா? ஈரமா இருந்துச்சு, உள்ள காய வச்சிருக்கேன்.

பெரிய பூட்ஸ் போட்டா என்ன ஆகும் தெரியுமா சார்? கால் உள்ள ஆடும். ஆடுதேன்னு கொக்கியை இறுக்குவீங்க. இறுக்கினா கால் மரத்துப்போகும். மரத்துப்போன காலு திரும்பும், பூட்ஸ் அரை நொடி கழிச்சுத் திரும்பும், ஸ்கீ பலகை அதுக்கப்புறம் யோசிச்சுத் திரும்பும். நாம சறுக்குறோம்னு நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, அதுதான் உங்களை இழுத்துக்கிட்டுப் போகும். எதிர்ல ஆள் தெரிஞ்சதும் நிறுத்தணும்னு நினைப்பீங்க. நினைக்கத்தான் முடியும். அப்புறம் பனி சரியில்ல, வெளிச்சம் சரியில்லம்பீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அவருக்கு என்னவா? கேக்குறீங்களே, சொல்றேன். நிமிஷம் போகணுமில்ல.

போன வருஷம் ஜனவரி, ஒரு செவ்வாக்கிழமை. ஒரு பொண்ணுக்கு பூட்ஸ் சரி பண்ணிட்டு, அதே மாதிரி தன் பூட்ஸையும் மாத்தி, போட்டுப் பாத்துட்டு வர்றேன்னு மலை மேல போனார். மத்தவங்க காலுக்குப் போடுறதை மொதல்ல தன் கால்ல போட்டுப் பாக்கணும் அவருக்கு. கடைசி கேபிள் கார் ஏறி, ஸிர்பன் சரிவுல இறங்கியிருக்கார். அந்த நேரத்துல அங்க ஈ காக்கா இருக்காது. பின்னாடியிலேர்ந்து ஒருத்தன் வந்து இடிச்சான். இவர் வேலியோரமா போய் முகம் குப்புற விழுந்தார். இடுப்புக்குக் கீழ அப்பவே ஒண்ணும் தெரியலையாம்.

இடிச்சவனும் விழுந்து எந்திரிச்சிருக்கான். கிட்ட வந்திருக்கான் சார். வந்து நின்னு பாத்திருக்கான். இவர் முனகியிருக்கார். அவன் திரும்பி நடந்து, ஸ்கீயை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். கீழ போய் ஒரு வார்த்தை, பேர்கூட வேணாம், அங்க ஒருத்தன் கிடக்கான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. சரிவை மூடுறதுக்கு முன்னாடி காவல் ஆளுங்க வந்து பாத்தப்ப நாப்பது நிமிஷம் ஆயிடுச்சு. அன்னிக்கு மைனஸ் பதினாறு. விழுந்ததுல வலது கை உறை கழண்டு எங்கயோ போயிடுச்சு.

வேர்க்குதா? உள்மெத்தை சூடு சார், அப்படித்தான் இருக்கும். கம்பியை விடாதீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்.

முதுகு இடிச்சதுல போச்சு. அது மலை, இடிக்கும், விழும், யாருக்கும் நடக்கும். அந்த ஆளை நான் அதுக்காகத் திட்டினதில்ல. ஆனா வலது கையில குளிர்ல கருகின நாலு விரலை எடுத்தாங்க பாருங்க, அது இடிச்சதுல போகல. அது விட்டுட்டுப் போனதுல போச்சு. பூட்ஸுக்குள்ள விட்டு மேடு பள்ளம் பாத்த விரலு. இப்ப அவர் சட்டைக்குப் பட்டன் நான்தான் போடுறேன். அறுபது வயசு மனுஷன், பொண்டாட்டி பட்டன் போடுறப்போ ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருப்பார். இன்னிக்குக் காலையிலகூட அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தார் சார்.

போலீஸ் வந்துச்சே. இதே ஊர் ஆளு, பிளாட்னர்னு பேரு. ஆள் எப்படி இருந்தான்னு கேட்டார். குப்புறக் கிடந்தவருக்கு முகமா தெரியும்? அவர் கண்ணு முன்னாடி வந்து நின்னது ரெண்டு பூட்ஸ்தான். ஆனா அவர் பூட்ஸ்காரர் இல்லையா, சொன்னார். வெள்ளை ஓடு. அகலமான பாதம், ஆனா ஒரு சைஸாவது பெரிய பூட்ஸ். முட்டி உள்ள சாயுறவன், அதனால உள்பக்க அடி தேஞ்சிருக்கு. இடது காலு மூணாவது கொக்கி உடைஞ்சு தொங்குது. பிளாட்னர் எழுதிக்கிட்டது ரெண்டே வார்த்தை, வெள்ளை பூட்ஸ். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, வின்சென்ஸ், இந்த ஊருல அஞ்சாயிரம் வெள்ளை பூட்ஸ் இருக்குன்னார்.

எங்க சார் குனியுறீங்க? கொக்கியில கை வைக்காதீங்கன்னு சொன்னேனே. நிமிருங்க.

ஆஸ்பத்திரியில அவர் கோட்டை வெட்டி எடுத்து ஒரு பையில போட்டுக் குடுத்தாங்க. மூணு மாசம் பிரிக்க மனசு வரல. பிரிச்சப்ப தலைக்குல்லாய் மடிப்புலேர்ந்து ஒண்ணு விழுந்துச்சு. இதோ, இந்த டிராயர்லதான் வச்சிருக்கேன். அலுமினியம், ரெண்டு விரல் நீளம். ஒரு வருஷமா இங்க வர்றவங்க காலை எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாரும் நான் அளவு பாக்குறேன்னு நினைச்சாங்க.

போன ஜனவரியில ரெண்டு மீட்டர் பனி சார். எந்தப் பாறை வெளியில தெரிஞ்சுது, உங்க கொக்கியில படறதுக்கு?

அடுப்புல மெத்தை இருந்தப்போ உங்க பழைய பூட்ஸ்ல இதை வச்சுப் பாத்தேன். உடைஞ்ச இடத்துல உடைஞ்ச இடம், ஒரு மயிரிழை இடைவெளி இல்ல. இந்தக் கடையில இவ்வளவு சரியா எதுவும் பொருந்தி நான் பாத்ததில்ல.

பேசாதீங்க. வக்கீல்கிட்ட பேசிக்குங்க. பிளாட்னர் புறப்பட்டுட்டார், ஆனா பாலத்துக்கிட்ட ஒரு பஸ் மாட்டி ரோடு அடைச்சிருக்காம், அதுனாலதான் உங்களை இவ்வளவு நேரம் நிக்க வச்சேன். கதவு பூட்டல. வேணும்னா போங்க. அந்த பூட்ஸ்ல இதுவரைக்கும் யாரும் ஓடினதில்ல. கழட்டிட்டுப் போனாலும் சரி, உங்க ஷூ என்கிட்ட இருக்கு, வெளியில மைனஸ் ஒம்போது. குளிர்ல விரல் என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியட்டும்.

போன வருஷமே இந்தக் காலைத் தூக்கிக்கிட்டு இங்க வந்திருக்கலாமே சார். அவரே கீழ உக்காந்து, உங்க பாதத்தைக் கையில பிடிச்சு, சரியா ஒண்ணு பண்ணிக் குடுத்திருப்பார். நீங்களும் ஸ்கீயை நேரத்துக்குத் திருப்பியிருப்பீங்க.

சத்தம் கேக்குதா? அது எங்க வீட்டு லிஃப்ட். போன்ல அவர்கிட்டயும் சொல்லிட்டேன். வீல்சேர்ல வர்றதுக்குக் கொஞ்ச நேரமாகும். உங்க முகத்தை மறைச்சுக்க வேணாம், அவருக்கு அது தெரியாது. அவர் காலைத்தான் பாப்பார்.

பன்னண்டு நிமிஷம் ஆச்சு. முட்டியை மடக்குங்க. குதிகால் தூக்குதா? இல்லையில்ல. நல்லா பொருந்தியிருக்கு.