பாதி நாற்காலி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பட்டுக்கடை ஊழியர் சங்கச் செயலாளர் சாமுவேல் அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் கடை முதலாளி ஐயா அவர்களே, தாய் கனகமாலாவைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் சம்யுக்தா, பிள்ளையார்பாளையத்துச் சமுதாயக் கூடம் நிறையக் கூடியிருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் காசிநாதன். கனகமாலா அம்மா வேலை பார்த்த தளத்தின் மேற்பார்வையாளர். என் தவறைச் சொன்ன பிறகுதான் அவரைப் புகழும் தகுதி எனக்கு வரும்.

பத்தொன்பது ஆண்டுகள் அந்த அம்மா மூன்றாம் கவுண்டரில் நின்றார். கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, அவர் நின்றார். தீபாவளி நெருக்கத்தில் பதினான்கு மணி நேரம் நின்றார். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிறகும் நின்றார். ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்பது எங்கள் கடையின் விதி. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே வந்தது. அந்தச் சட்டம் எங்கள் மாடிப்படி ஏறவில்லை.

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம் அவருடையது. பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். அதனால் ஐந்தரை மணிக்கு மற்றவர்கள் அவருடைய கவுண்டரைப் பார்த்துக்கொள்வார்கள். இரவு எட்டு மணிக்கு அவர்கள் சாப்பிடப் போகும்போது இவர் மூன்று கவுண்டரைப் பார்த்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததா இது?

ஆனால் சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். போன வருஷம், இரண்டு நாள் சேவைப் பயிற்சிப் பட்டறை. தலைப்பு, 'குழுவாய் இணைவோம்'. இரண்டாம் நாள் மியூசிக்கல் சேர் வைத்தார். பதினொரு பெண்கள், பத்து நாற்காலி. பாட்டு நின்றது. துளசிக்கு இடம் இல்லை. "அவுட்" என்றார் பயிற்சியாளர்.

கனகமாலா அம்மா ஒதுங்கி உட்கார்ந்து துளசியின் கையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காரு துளசி. பாதி சேர் போதும்மா நமக்கு."

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலி குறைந்தது. ஒருவரும் வெளியேறவில்லை. கடைசியில் நான்கு நாற்காலியில் பதினொரு பேர், மடிமேல் மடி.

"ஜெயிச்சவங்கன்னு ஒருத்தர் வேணாமா மேடம்?" என்றார் பயிற்சியாளர்.

"ஜெயிச்சிட்டோமே சார். எல்லாரும் ஒக்காந்துக்கினுதான இருக்கோம்."

நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதிப்பீட்டுப் படிவத்தில் 'குழு மனப்பான்மை' என்ற இடத்தில் அவருக்குப் பத்துக்கு இரண்டு போட்டேன். போட்ட கை இதுதான்.

அடுத்த வாரமே தன் வீட்டு ஸ்டூலைக் கொண்டுவந்து மூன்றாம் கவுண்டருக்குப் பின்னால் வைத்தார். பதினொரு பேரும் முறை வைத்து, ஆளுக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்தார்கள். நான் அதைத் தூக்கிக் குடோனில் போட்டேன். மறுநாள் அது திரும்பி வந்தது. மூன்று முறை இப்படி நடந்தது. நான்காம் முறை குடோன் வாசலில் பதினொரு பேரும் நின்றார்கள். "மெமோ குடுக்கறதுன்னா பதினொண்ணா குடுங்க காசி சார். எம்பேர்ல மட்டும் வேணாம்" என்றார் அம்மா. அன்று என் பேனா எழுதவில்லை. ஸ்டூல் கவுண்டருக்குப் போனது.

ஆனால் பத்தொன்பது ஆண்டுக்குக் கால் மணி நேரம் எந்த மூலைக்கு? காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். நின்று நின்றுதானா என்று கேட்டேன். அதுவும் ஒரு காரணம் என்றார்.

அம்மா போன மறுநாளே அந்த ஸ்டூல் குடோனுக்குப் போய்விட்டது. இந்த முறை கை என்னுடையது அல்ல. உத்தரவு யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னவருக்குத் தெரியும், இங்கேதான் இருக்கிறார். உங்கள் உப்பைத் தின்றவன் நான், ஐயா. அதை நின்றுகொண்டே தின்ற பதினொரு பேரும் உங்கள் உப்பைத் தின்றவர்கள்தான்.

அதோ, அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு வைத்திருக்கிறோமே, அதைத் தாங்கி நிற்பது எது என்று பாருங்கள். நேற்று குடோன் சாவியைக் கேட்டு வாங்கி, நானே எடுத்து வந்தேன். படம் சம்யுக்தாவோடு வீட்டுக்குப் போகும். ஸ்டூல் நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு மூன்றாம் கவுண்டருக்குப் போகும். முதல் கால் மணி நேரம் துளசியுடையது. மெமோ எழுத வேண்டுமென்றால் அம்மாவின் பெயரையும் சேர்த்துப் பன்னிரண்டாக எழுதுங்கள். பன்னிரண்டாவது பெயர் காசிநாதன்.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். சாமுவேல் அண்ணன் மன்னிக்க வேண்டும். கனகமாலா அம்மாவுக்காக இன்று யாரும் எழ வேண்டாம். அவர் எல்லோருக்கும் சேர்த்து நின்றுவிட்டார். இரண்டு நிமிடம், உட்கார்ந்தபடியே. பின்னால் இடமில்லாமல் பலர் நிற்கிறார்கள். முன்னால் வாருங்கள்.

உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி, பாதி நாற்காலி கொடுங்கள்.